ஒன்றரை கிராம் கணக்கு: மூட்டைக் கிடங்கில் பாஸ்பீன் புகைமூட்டம், ஒரு நிகழ்வு ஆய்வு

உணவு தானியக் கிடங்கில் புகைமூட்டம் போடுமுன், அதாவது மூட்டைகளை விரிப்பால் மூடி உள்ளே பூச்சியைக் கொல்லும் நச்சு வாயுவை நிரப்புமுன், இரண்டு கோப்புகள் தயாராகும். ஒன்றில் பூச்சி சாக வேண்டிய கணக்கு இருக்கும். இன்னொன்றில் ஆளுக்கும் அக்கம்பக்கத்துக்கும் கேடு வராமல் இருக்க வேண்டிய விதிகள். இரண்டையும் வெவ்வேறு ஆட்கள் எழுதுவார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் படிப்பது அபூர்வம். ஆனால் இரண்டு கோப்பும் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: போட்ட வாயு இப்போது எங்கே இருக்கிறது? விரிப்புக்கு வெளியே போன ஒவ்வொரு கிராமும் பூச்சிக்குக் குறைந்த கிராம், மனிதருக்குக் கூடிய கிராம்.

கீழே வரும் கிடங்கு கணக்குக்காக எடுத்துக்கொண்ட மாதிரி. அதில் வரும் அளவீடுகளும் மாதிரிக்கு உரியவையே. பிழைகள் மட்டும் இந்த வேலையில் திரும்பத் திரும்ப வருபவை.

கிடங்கும் சரக்கும்

நீளம் 30 மீட்டர், அகலம் 20, உயரம் 6. உள்ளே 3,600 கன மீட்டர் காற்று. கான்கிரீட் தரை, நடுவே குறுக்காக ஓடும் ஒரு விரிவு இணைப்பு (கான்கிரீட் விரிந்து சுருங்க விடும் இடைவெளி), தகரக் கூரை. மரப் பலகைத் தட்டுகளின் மேல் கோதுமை மூட்டைகள் நான்கு அட்டிகளாக. ஒவ்வோர் அட்டியும் 10 மீட்டர் நீளம், 6 அகலம், 4 உயரம். அதாவது 240 கன மீட்டர், ஏறக்குறைய 150 டன். சுவரிலிருந்து ஒரு மீட்டர் இடைவெளி விடப்பட்டிருக்கிறது. கிடங்கின் கிழக்குச் சுவரை ஒட்டியே காவலாளி அறை. அவர் இரவில் அங்கேதான் படுக்கிறார். இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சல்லடை போட்டுப் பார்த்ததில் தானிய துளைப்பானும் சிவப்பு மாவு வண்டும் உயிரோடு கிடைக்கின்றன. தானியத்தின் வெப்பநிலை 27 டிகிரி செல்சியஸ்.

புகைமூட்டம் தேவையா என்பதே திட்டத்தின் முதல் பக்கமாக இருக்க வேண்டும். துப்புரவு, பழைய சரக்கை முதலில் வெளியேற்றுதல், தரையில் சிந்திய மாவைக் கூட்டி அகற்றுதல் ஆகியவை நடக்காத கிடங்கில் பாஸ்பீனை வெளிவிடும் மாத்திரை போட்டால் மூன்று மாதத்தில் மறுபடி போட வேண்டிவரும். பாஸ்பீன் வாயு எச்சப் பாதுகாப்பு எதையும் தராது. விரிப்பை எடுத்த மறுநாளே புதுப் பூச்சி ஏறலாம். மெதில் புரோமைடு என்ற மாற்றுவழி, ஓசோன் படலத்தைக் காக்கும் மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி வளர்ந்த நாடுகளில் 2005-லும் வளரும் நாடுகளில் 2015-லும் நிறுத்தப்பட்டுவிட்டது; தாவரத் தடுப்புக்காப்பு, ஏற்றுமதிக்கு முந்தைய சிகிச்சை போன்ற விலக்குகளுக்குள் மட்டுமே அது மிச்சமிருக்கிறது. எனவே பாஸ்பீனைக் கெடுத்துக்கொண்டால் அடுத்து எடுக்கக் கையில் அதிகம் இல்லை.

ஆவணங்கள் கேட்பது என்ன

எந்த நாட்டிலும் அடிப்படை ஆவணம் பொருளின் லேபிள்தான். எந்தச் சரக்குக்கு, என்ன அளவு, எத்தனை நாள், யார் கையாளலாம் என்று அதில் உள்ளதை மீறினால் மற்ற அனுமதிகள் எல்லாம் பயனற்றவை. அமெரிக்க லேபிள்கள் இன்னும் ஒருபடி மேலே போய், இடத்துக்கு இடம் தனியாக எழுதிய புகைமூட்ட மேலாண்மைத் திட்டம் இல்லாமல் குப்பியைத் திறக்கவே கூடாது என்கின்றன. அந்நாட்டு உணவு உதவிக் கிடங்குகளுக்காகப் பாஸ்பீன் புகைமூட்டத்தை மட்டும் ஆராய்ந்த ஒரு சுற்றுச்சூழல் மதிப்பீடு 2013-ல் வந்தது. அதன் சட்ட அடிப்படையான, அமெரிக்கக் கூட்டரசு விதித்தொகுப்பின் 22 சி.எஃப்.ஆர். 216, பூச்சிக்கொல்லி எதுவானாலும் பன்னிரண்டு அம்சங்களைப் பரிசீலிக்கச் சொல்கிறது: பதிவு நிலை, நச்சுத்தன்மை, மாற்றுவழிகள், பயன்படுத்துவோருக்கான பயிற்சி, கண்காணிப்பு என்று அந்தப் பட்டியல் போகும்.

பட்டியல் நல்லதுதான். அதை நிரப்பும் விதம்தான் கவலை. ‘கண்காணிப்பு: செய்யப்படும்’ என்று ஒரு சொல்லில் முடித்த திட்டங்கள் ஏராளம். எந்த மீட்டர், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எந்த எண்ணைக் கண்டால் யார் என்ன செய்வது? இந்த நான்கும் இல்லாவிட்டால் அந்தக் கட்டம் காலியாக இருப்பதும் ஒன்றுதான்.

கிராமில் ஒரு கணக்கு

3 கிராம் எடையுள்ள ஒரு அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை, காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து 1 கிராம் பாஸ்பீனை வெளிவிடும். கன மீட்டருக்கு 2 கிராம் என்று வைத்தால் ஓர் அட்டிக்கு 480 மாத்திரை, நான்குக்கும் 1,920. ஆக, இந்தக் கூரைக்குக் கீழே 1,920 கிராம் வாயு உருவாகப் போகிறது. கன மீட்டருக்கு ஒரு கிராம் என்பது 25 டிகிரியில் சுமார் 720 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 720 பங்கு). திட்டம் முழுவதற்கும் இந்த ஒரு எண் போதும்.

வேலை செய்யும் இடத்தில் எட்டு மணி நேரச் சராசரிக்கு நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் வரம்பு 0.3 பிபிஎம். கிடங்கு முழுவதையும் அந்த அளவுக்குக் கொண்டுபோக எவ்வளவு வாயு கசிய வேண்டும்? ஒன்றரை கிராம். அதாவது 1,920 மாத்திரையில் ஒன்றரை மாத்திரை. பத்தில் ஒரு பங்கு கசிந்து, கதவுகளும் மூடியிருந்தால் காற்றில் 38 பிபிஎம் நிற்கும். உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகுக்கப்பட்ட அளவு 50.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர் ‘லேசான கசிவு’ என்ற சொல்லை மறுபடி எழுத மாட்டார். மணத்தை நம்பவும் முடியாது. பூண்டு, கார்பைடு போன்ற அந்த வாடை பெரும்பாலும் உடன்வரும் கலப்புப் பொருள்களுடையது. தானியம் அவற்றை உறிஞ்சிக்கொண்டால் வாடை போய்விடும், பாஸ்பீன் இருக்கும்.

முதல் சுற்று

விரிப்பின் அளவு சரியாகவே எடுக்கப்பட்டது: நீளத்தோடு இரண்டு உயரம், இரு பக்கமும் தரையில் படிய ஒரு மீட்டர், அகலத்துக்கும் அப்படியே. 20-க்கு 16 மீட்டர். மாத்திரைகள் அட்டிக்கு 16 தட்டுகளில், தட்டுக்கு 30 வீதம், ஒன்றோடொன்று தொடாமல் ஒற்றை அடுக்காக. நீளப் பக்கங்களில் ஆறாறு, அகலப் பக்கங்களில் இரண்டிரண்டு. குவித்து வைத்தால் வெப்பமும் வாயுவும் ஒரே இடத்தில் சேரும். மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் தீப்பிடிக்கும். காற்றில் 1.8 சதவீதத்தைத் தாண்டினால் பாஸ்பீன் எரியக்கூடியது. தட்டு எதற்கு, மூட்டை இடுக்கிலேயே செருகிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வாயு வெளியேறியபின் உதிர்ந்து மிஞ்சும் தூள் சரக்கோடு கலந்தால், உணவில் மிஞ்சலாம் என்று அனுமதித்த எச்ச வரம்பு தாண்டிப்போகும். கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரத்தில் அந்த வரம்பு முழுத் தானியத்துக்குக் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம்.

குப்பிகள் திறந்த வெளியில், முகத்தைத் திருப்பிக்கொண்டு திறக்கப்பட்டன. கையில் உலர்ந்த பருத்திக் கையுறை. கடைக்கோடி அட்டியில் தொடங்கி வாசலை நோக்கி வந்தார்கள். மாத்திரை வேகம் பிடிக்க இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஆகும் என்றாலும், வெப்பமும் ஈரமும் கூடினால் அது சுருங்கும். நான்கு அட்டிக்கும் ஒரு மணி நேரம் என்று வைத்ததும் சரியான முடிவு.

ஒவ்வோர் அட்டியிலும் மேல், நடு, அடி என மூன்று இடங்களிலிருந்து நைலான் குழாய்கள் கிடங்குக்கு வெளியே இழுக்கப்பட்டன. இலக்கு: 300 பிபிஎம் குறையாமல் 7 நாள், அல்லது 200 குறையாமல் 10 நாள். உச்ச அளவைவிட நாள்களே முக்கியம். முட்டையும் கூட்டுப்புழுவும் வாயுவைத் தாங்கிக்கொள்ளும் பருவங்கள். அவை அடுத்த பருவத்துக்கு நகரும்வரை வாயு காத்திருக்க வேண்டும்.

24 மணி நேரத்தில் முதல் அட்டியில் மேலிருந்து கீழாக 980, 940, 870 பிபிஎம். இரண்டாவதும் நான்காவதும் அதை ஒட்டியே. மூன்றாவது அட்டியில் 610, 560, 310. மூன்றாம் நாள் அதே அட்டியில் 170, 130, 45.

அன்றிரவு காவலாளி அறையில் குறை அளவு மீட்டர் (மிகக் குறைந்த வாயுவையும் காட்டும் கருவி) 0.2 பிபிஎம் காட்டியது. திட்டத்தில் ‘0.3-க்கு மேல் போனால் வெளியேற்றவும்’ என்று எழுதியிருந்ததால் பதிவேட்டில் ‘வரம்புக்குள்’ என்று குறிக்கப்பட்டது.

இங்கேதான் இரண்டு கோப்புகளும் பேசிக்கொள்ளாததன் விலை தெரிகிறது. மூன்றாவது அட்டியின் அடியில் காணாமல் போன வாயுவும் காவலாளி அறையில் வந்து சேர்ந்த வாயுவும் ஒன்றே. பூச்சிக் கணக்கு எழுதியவர் 45 என்ற எண்ணைப் பார்த்து ‘மாத்திரை போதவில்லை’ என்றார். பாதுகாப்புக் கணக்கு எழுதியவர் 0.2-ஐப் பார்த்து ‘சரி’ என்றார். மேலும், 0.3 என்பது உடல்நலத்தோடு எட்டு மணி நேரம் வேலை செய்பவருக்கான வரம்பு. இரவெல்லாம் உறங்கும் ஒருவருக்கு அதை அளவுகோலாக வைத்ததே தவறு. அமெரிக்கத் தொழிற்சுகாதார வல்லுநர்களின் மன்றம் இப்போது பரிந்துரைக்கும் சராசரி 0.05 மட்டுமே. ஆள் வசிக்கும் அறையில் மீட்டர் அசைந்தாலே வெளியேற்றம் என்பதுதான் எழுதியிருக்க வேண்டிய விதி.

சுவர் வழியாகவும் தளத்தின் அடியாகவும் வாயு பயணம் செய்யும் என்பதற்கு மருத்துவ இலக்கியத்தில் 1980-லேயே பதிவு உண்டு. புகைமூட்டம் போட்ட தானியக் கப்பல் ஒன்றில் 31 மாலுமிகளில் 29 பேரும் இரண்டு குழந்தைகளும் நோயுற்றார்கள். ஒரு குழந்தை இறந்தது. தானியம் இருந்த அறைக்குள் அவர்களில் யாரும் போகத் தேவைப்படவில்லை. வாயு அவர்கள் இருந்த இடத்துக்கு வந்தது.

கசிவைத் தேடியது

கூடுதலாக 200 மாத்திரை போடலாம் என்ற யோசனை வந்து, நிராகரிக்கப்பட்டது. வாயு இருக்கும் விரிப்பின் ஓரத்தைத் தூக்கி மறுபடி மருந்து வைப்பது ஆளுக்கு ஆபத்து. ஓட்டையை அடைக்காமல் ஊற்றும் வாயு அதே வழியில் காவலாளி அறைக்குத்தான் போகும். குறைந்த அளவில் பிழைத்த பூச்சி, தாங்கும் தன்மையோடு பெருகும். பாஸ்பீனைத் தாங்கும் பூச்சிகளை உலக உணவு வேளாண் அமைப்பு 1972-73 கணக்கெடுப்பிலேயே கண்டது. அரைகுறைப் புகைமூட்டங்களே அதற்கு முதன்மைக் காரணம்.

காவலாளி அன்றே அறையைக் காலி செய்தார். மூன்றாவது அட்டி காற்றாடியபின் தரை சோதிக்கப்பட்டது. மூன்று குறைகள் கிடைத்தன.

விரிப்பின் கிழக்கு ஓரம் விரிவு இணைப்பின் குறுக்கே கிடந்தது. இணைப்பில் நிரப்பிய தார் சுருங்கி, விரல் நுழையும் பள்ளம். மேலே மணல் பையைப் போட்டாலும் கீழே திறந்த வாய்க்கால். அது நேராகக் காவலாளி அறைச் சுவரின் அடியில் போய் முடிகிறது. பாஸ்பீன் காற்றைவிடச் சற்றே கனமானது என்பதால் அடியில் படுத்திருக்கும் என்று சிலர் சொல்வார்கள். அந்த வித்தியாசம் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. காற்றோடு கலந்தபின் அது எந்தப் பக்கமும் போகும். அடிக் குழாயில் அளவு குறைந்ததற்குக் காரணம் கசிவு அடியில் இருந்ததே.

மணல் பைகள் முழுக்க நிரப்பப்பட்டு உருளையாக இருந்தன. உருளை தரையை ஒரு கோட்டில்தான் தொடும். பாதியளவு நிரப்பினால் பை தட்டையாகப் படிந்து ஓரத்தை அகலமாக அழுத்தும். முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். அங்கே முனைக்கு முனை முட்டவைத்திருந்தார்கள்.

மூன்றாவது குறை, விரிப்பின் மூலை மடிப்பில் கொக்கி கிழித்த இரண்டு துளைகள். விரிப்பைப் போர்த்துமுன் வெயிலுக்கு எதிரே பிடித்து உள்ளிருந்து பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

இரண்டாம் சுற்று

இணைப்பு சுரண்டிச் சுத்தம் செய்யப்பட்டு, நெகிழும் அடைப்பானால் நிரப்பப்பட்டு, காயவிடப்பட்டது. ஓரம் தரையில் ஒட்டுநாடாவால் ஒட்டப்பட்டு, அதன்மேல் இரண்டு வரிசை மணல் பைகள். மூலை மடிப்புகளில் கூடுதல் வரிசை. கூரையின் ஒழுகலும் அப்போதே சரிபார்க்கப்பட்டது. மழைத் தண்ணீர் தட்டில் விழுந்தால் என்ன ஆகும் என்பதை மேலே சொன்னோம்.

கிடங்கிலிருந்த எடை இயந்திரத்தின் மின்னணுப் பெட்டி வெளியே எடுக்கப்பட்டது. செம்பு, பித்தளை, வெள்ளி எல்லாவற்றையும் பாஸ்பீன் அரிக்கும். தீ எச்சரிக்கைப் பலகையின் தொடர்புகள் கறுத்துச் செயலிழந்தால் அது தேவைப்படும் நாளில்தான் தெரியவரும். உத்தரத்தில் கூடு கட்டிய புறாக்களும், எலிக்காக விட்ட பூனையும் அகற்றப்பட்டு, பறவை நுழையும் இடைவெளிகளுக்கு வலை. சுற்றுச்சூழல் கோப்பில் ‘இலக்கல்லாத உயிரினங்கள்’ என்று வரும் தலைப்பு இந்த வேலைகளைத்தான் குறிக்கிறது.

தீயணைப்பு நிலையத்துக்கு நாள், இடம், பொருளின் பெயர், அளவு, தொடர்பு எண் எல்லாம் முன்கூட்டியே எழுத்தில் போயின. அதில் ஒரு வரி தனியாக இருந்தது: தண்ணீர் அடிக்கக் கூடாது, உலர் மணல் அல்லது உலர் தூள் மட்டுமே. அருகிலுள்ள மருத்துவமனைக்கும் தகவல் தரப்பட்டது. பாஸ்பீனுக்கு மாற்று மருந்து கிடையாது. தலைவலி, குமட்டல், மார்பில் இறுக்கம் என்று தொடங்கி நுரையீரலில் நீர் கோர்ப்பது பல மணி நேரம் கழித்தும் வரலாம் என்பதால் ‘இப்போது நன்றாயிருக்கிறேன்’ என்பவரையும் கண்காணிப்பில் வைக்க வேண்டும்.

ஒவ்வொரு வாசலிலும் மண்டை ஓட்டுச் சின்னத்தோடு, வாயுவின் பெயர், போட்ட நாள், பொறுப்பாளர் பெயர், எண் எழுதிய பலகை. அதை எடுக்கும் உரிமை பொறுப்பாளருக்கு மட்டும்.

மாத்திரை போட்ட 24 மணி நேரத்தில் குறை அளவு மீட்டரோடு நான்கு அட்டிகளின் ஓரமும் சுற்றி வரப்பட்டது. முதல் சுற்றில் இது நடக்கவில்லை. ஓட்டை முதல் நாளே அகப்பட்டிருக்கும். இம்முறை மூன்றாவது அட்டியின் ஏழாம் நாள் அளவு மேலிருந்து கீழாக 350, 340, 320.

திறக்கும் நாள்

பெரும்பாலான திட்டங்கள் இந்த இடத்தில் ‘நன்கு காற்றாட விடவும்’ என்று முடிந்துவிடும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அட்டிக்குள் 300 பிபிஎம். மூட்டை, தானியம் போக வெற்றிடம் ஏறத்தாழப் பாதி, 120 கன மீட்டர் என்று கொண்டால் மிச்சமுள்ள வாயு 50 கிராம். கிடங்கின் கதவுகள் மூடியிருக்க ஓர் அட்டியைத் திறந்தால் உள்ளே 10 பிபிஎம். இரண்டைத் திறந்தால் 20.

பாஸ்பீனுக்கான வடிகட்டிக் குப்பி பொருத்திய முழு முகமூடி 15 பிபிஎம் வரைக்கும்தான். அதற்கு மேலோ, அளவு தெரியாமலோ இருந்தால் தனிக் காற்றுச் சிலிண்டர் கொண்ட சுவாசக் கருவி வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு அட்டியைத் திறப்பது, கையிலிருக்கும் முகமூடியின் எல்லையைத் தாண்டுவது. அதனால்தான் ஒரு சமயத்தில் ஓர் அட்டி, எல்லாக் கதவும் திறந்து, இரண்டு பேராக, காலையில் காற்று வீசத் தொடங்கியபின். எதிரெதிர் மூலைகளைத் தூக்கிவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். விரிப்பை முழுக்க இழுப்பது அளவு இறங்கியபின். காற்று வீசும் திசையில் வேலி ஓரத்திலும் ஒரு மீட்டர் இருக்க வேண்டும். வெளிக்காற்றில் கலந்த பாஸ்பீன் பகல் வெளிச்சத்தில் சில மணி நேரங்களில் பாதியாகச் சிதையும், ஓசோனைத் தொடுவதில்லை. ஆனால் வேலிக்கு அப்பால் நிற்பவருக்கு அந்தச் சில மணி நேரம் உதவாது.

மீட்டர் 0.3-க்குக் கீழே வந்ததும் வேலை முடியவில்லை. தானியம் உறிஞ்சிய வாயுவை மெல்ல விடும். கதவுகளை ஓர் இரவு மூடிவைத்து மறுநாள் காலை திறக்குமுன் அளக்க வேண்டும். அப்போதும் கீழே இருந்தால்தான் பலகையை எடுக்கலாம். காவலாளி அறைக்கும் இதே சோதனை, அங்கே மீட்டர் அசையவே கூடாது.

வெந்த தூள்

ஒரு சுற்றின் 1,920 மாத்திரையிலிருந்து சுமார் 4.3 கிலோ சாம்பல் நிறத் தூள் மிஞ்சும். பெரும்பகுதி அலுமினியம் ஹைட்ராக்சைடு, அதனால் கேடில்லை. வினைபுரியாத 2 சதவீதம் பாஸ்பைடு அதில் மிச்சம் என்று வைத்தாலும் இன்னும் 38 கிராம் வாயு அதற்குள் இருக்கிறது. 50 லிட்டர் மூடிய டிரம்மில் எரியும் எல்லையை எட்ட ஒண்ணேகால் கிராம் போதும். ஆகவே தூளைப் பிளாஸ்டிக் பையிலோ மூடிய கலனிலோ கட்டிவைப்பது, வாகனத்தில் ஏற்றிப் போவது எல்லாம் விபத்தைத் தயார் செய்வதே.

திறந்த வெளியில், அகன்ற டிரம்மில் 60 லிட்டர் தண்ணீர், அதில் நுரை குறைந்த சோப்புத் திரவம் 2 சதவீதம், அதாவது 1.2 லிட்டர். தூளைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிளற வேண்டும். தூளின்மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. காற்று வரும் பக்கம் நின்று, சுவாசக் கருவியோடு. சோப்பு இல்லாவிட்டால் தூள் மேலே மிதந்து தீப்பற்றலாம். மூடாமல் 36 மணி நேரம், குமிழி அடங்கும்வரை. பிறகு அந்தக் குழம்பு அனுமதிக்கப்பட்ட நிலத்தில் புதைக்கப்படுகிறது. வடிகாலிலும் ஓடையிலும் கொட்டக் கூடாது, மீன்களுக்குக் கொடிய நஞ்சு.

காலிக் குப்பி அழகான அலுமினியப் பாத்திரம். எண்ணெய் ஊற்றிவைக்க யாராவது கேட்பார்கள். மூன்று முறை கழுவி, அந்தத் தண்ணீரையும் டிரம்மில் சேர்த்து, குப்பியை ஓட்டையிட்டு நசுக்கிய பிறகே எண்ணிக்கை எழுதப்பட்டது. இந்தச் சுற்றுக்கு 500 மாத்திரைக் குப்பி நான்கு வாங்கியதில் மிஞ்சிய 80 மாத்திரை இறுக மூடிப் பூட்டிய அலமாரிக்குப் போயின. பதிவேட்டில் போட்டது, மிஞ்சியது இரண்டும் கூடி 2,000 வர வேண்டும்.

காற்றாடிய அன்று சல்லடையில் உயிருள்ள பூச்சி இல்லை. அது வளர்ந்த வண்டு செத்ததை மட்டுமே காட்டும். முட்டை தப்பியிருந்தால் வண்டாகி வெளிவர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்பதால், மூன்றாவது அட்டியின் கிழக்கு அடி வரிசையிலிருந்து ஆறாவது வாரம் மறுபடி மாதிரி எடுக்கும் நாள் அதே பதிவேட்டில் குறிக்கப்பட்டிருக்கிறது.